மூட்டு மாற்று மருத்துவர் சங்கத்தில் சேருவதால் என்ன லாபம்?

செங்காங்_சேரன்:
வணக்கம். அரசு மருத்துவமனையில் ஆர்த்தோ, அதாவது எலும்பு மருத்துவர். எக்சிட் பரீட்சை முடிந்து ஸ்பெஷலிஸ்ட் பதிவும் வந்தாச்சு. இனி இடுப்பு, முழங்கால் மாற்றுதான் என் வழி. சிங்கப்பூர் ஆர்த்தோபீடிக் சங்கத்தில் ஏற்கெனவே இருக்கிறேன். துறைத் தலைவரோ ஆசிய பசிபிக் ஆர்த்தோபீடிக் சங்கத்திலும் சேர், முடிந்தால் அமெரிக்க இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர் சங்கமான ஆக்ஸிலும் (AAHKS) சேர் என்கிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். வீட்டில் கைக்குழந்தை, வீவக வீட்டுக் கடன் வேறு. பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து சேர்வதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

பழைய_சுத்தியல்:
தம்பி, எழுத்துக்காக என்றால் வேண்டாம். புள்ளிக்காகவும் வேண்டாம். மெடிக்கல் கவுன்சில் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிற 50 தொடர்கல்விப் புள்ளியை மருத்துவமனைக் கூட்டங்களிலேயே தேற்றிவிடலாம். நான் ஓய்வு பெற்றவன், யாருக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை எனக்கில்லை.

ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு அம்மா, பழைய முழங்கால் மாற்றில் வலி என்று என்னிடம் வந்தார். எங்கே செய்தது? "மதுரைப் பக்கம்." டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, பொருத்திய மூட்டின் மாடலும் அளவும் உள்ள இம்பிளான்ட் ஸ்டிக்கர் இல்லை. உலோகம் எலும்பில் கெட்டியாகத்தான் இருந்தது. நடுவில் உள்ள பிளாஸ்டிக்தான் தேய்ந்திருந்தது. அதே மாடலில், அதே அளவில் பிளாஸ்டிக் கிடைத்தால் சின்ன அறுவையோடு போய்விடும். கிடைக்காவிட்டால் நல்ல உலோகத்தையும் எலும்பிலிருந்து பெயர்க்க வேண்டும், எழுபதைத் தாண்டிய உடம்பில். பெயர், விவரம் எல்லாம் மறைத்து, எக்ஸ்-ரேயைச் சங்கக் கூட்டங்களில் பழகிய சிலருக்கு அனுப்பினேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கீழ்ப்பாகத் தண்டின் வடிவத்தைப் பார்த்தே மாடலைச் சொல்லிவிட்டார். அந்த அளவு பிளாஸ்டிக் இங்குள்ள ஏஜென்ட்டிடமே இருந்தது.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. டிபியூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு ஞாபகம் இருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தன. ஒரு மருத்துவர் கையில் இரண்டு மூன்று கேஸ் கெட்டுப்போனால், இடுப்புக் குழியில் பொருத்தும் கப்பை நாம்தான் கோணலாக வைத்தோம் போல என்று நினைத்துக்கொள்வார். எல்லாருடைய கணக்கையும் ஒரே இடத்தில் கூட்டினால்தான் குறை மூட்டில் என்று தெரியும். அப்படிக் கூட்டிக்கொண்டிருந்தது ஆஸ்திரேலிய ஆர்த்தோபீடிக் சங்கம் 1999-இல் தொடங்கிய மூட்டு மாற்றுப் பதிவேடு. 2009 கடைசியில் அங்கே அந்த மூட்டு சந்தையிலிருந்து போனது, 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறக்குறைய 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. அந்தப் பதிவேட்டை ஆரம்பித்தது அரசாங்கமோ கம்பெனியோ இல்லை, மருத்துவர்களின் சங்கம். சந்தா கட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோவீனா_நரி:
சுத்தியல் சார் சொல்வது சரி. ஆனால் மாநாட்டுக்குப் போய்ப் பாருங்கள், பாதி இடம் கம்பெனி ஸ்டால். அறுவைக்கான ரோபோவை விற்கத்தான் துடிக்கிறார்கள்.

பழைய_சுத்தியல்:
நரியாரே, மறுக்கவில்லை. அதனால்தான் பேசுபவர் எந்தக் கம்பெனியிடம் பணம் வாங்குகிறார் என்று முதல் ஸ்லைடிலேயே போட வைக்கிறார்கள். அந்த ஸ்லைடைப் படிக்காமல் காப்பி குடிக்கப் போகாதீர்கள்.

ஓடி_சிஸ்டர்_மல்லிகா:
டாக்டர், ஒரு நர்ஸா சொல்றேன். ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து வந்த புதுசுல ஒரு டாக்டர் போடுவார், இன்னொருத்தர் வேண்டாம்பார். ரத்தம் கட்டிக்குமோன்னு மயக்க மருந்து டாக்டருக்குப் பயம். நாங்க நடுவுல நிப்போம். 2018-ல ஆக்ஸும் இன்னும் சில அமெரிக்க சங்கங்களும் சேர்ந்து வழிகாட்டி வெளியிட்டதும், அந்தத் தாளைக் காட்டிப் பேச முடிஞ்சது. ரத்தம் ஏத்துறதும் நல்லாக் குறைஞ்சிருக்கு. சங்கத்துல இருக்கிற டாக்டர்தான் இந்த மாதிரித் தாளை முதல்ல கொண்டு வருவார், அது எங்க எல்லாருக்குமே தெரியும்.

செங்காங்_சேரன்:
ரொம்ப நன்றி. சரி, ஒன்றே ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் எது?

பழைய_சுத்தியல்:
ஆசிய பசிபிக். அதில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. நம் நோயாளிகள் தரையில் சம்மணம் போடுவார்கள், தொழுகைக்கு மண்டியிடுவார்கள். நம் ஊர்ப் பெண்களின் தொடையெலும்பு ஒடுக்கம், மேல்நாட்டு அளவுக்குச் செய்த பாகம் ஓரத்தில் துருத்தி நிற்கும். இதெல்லாம் தினப்படித் தலைவலியாக இருக்கிறவர்கள் அங்கேதான் வருவார்கள். ஆக்ஸின் சஞ்சிகையான ஜர்னல் ஆஃப் ஆர்த்ரோபிளாஸ்டி உங்கள் மருத்துவமனை நூலகத்திலேயே கிடைக்கும், முதலில் அங்கே விசாரியுங்கள். ஆக்ஸ் இரண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் துறையின் பயிற்சி நிதியில் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால் வருமான வரிக் கணக்கில் வேலைச் செலவாகக் காட்டலாம், தொழில்முறைச் சங்கச் சந்தாவை வரித்துறையான ஐராஸ் ஏற்றுக்கொள்கிறது. ரசீதை ஐந்து வருஷம் வைத்திருங்கள்.