22 மாதக் குழந்தைக்கு ‘ரைட் பிரைன்’ வகுப்பு: சேர்க்கலாமா?

கோவை அம்மா:
வணக்கம். மகளுக்கு 22 மாதம். பக்கத்தில் ஒரு சென்டரில் ‘ரைட் பிரைன்’ பயிற்சி தருகிறார்கள். சனிக்கிழமைதோறும் 50 நிமிடம், மொத்தம் 48 வகுப்பு. நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் ஃபிளாஷ் கார்டு காட்டுவார்கள், பின்னணியில் மொசார்ட் இசை ஓடும். வீட்டில் தினமும் 20 நிமிடம் அவர்கள் தரும் வீடியோ போட வேண்டும். கட்டணம் 62,000 ரூபாய், இ.எம்.ஐ. உண்டு. “மூணு வயசோட வலது மூளை மூடிக்கும்” என்று சொல்லி இந்த வாரமே சேரச் சொல்கிறார்கள். மகள் ‘தா’, ‘போ’, ‘காக்கா’ என்று 15 சொல் வரை பேசுகிறாள். கூப்பிட்டால் திரும்புகிறாள். இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு இன்னும் வரவில்லை. இந்த வகுப்பு அதற்கு உதவுமா?

மழலையர் கல்வி:
சேர்க்காதீர்கள். மூளையின் எந்தப் பாதியும் மூணு வயதில் மூடிக்கொள்வதில்லை. வலிப்பு நோய்க்காக, இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைத் துண்டித்த நோயாளிகளை ஆராய்ந்துதான் மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார். இடது மூளை, வலது மூளை என்ற பேச்சு பரவியது அங்கிருந்துதான். கற்றை முழுசாக இருக்கும் குழந்தைக்கு ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதற்கே இரண்டு பாதியும் சேர்ந்து வேலை செய்கின்றன. முதல் மூன்று ஆண்டில் மூளை வேகமாக வளர்வது உண்மை. அதைக் கதவு சாத்துகிற கதையாக மாற்றுவது வியாபாரம்.

மொசார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சுக்கு மூலம் 1993-இல் வந்த ஆய்வு. அதில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்ல. பத்து நிமிடம் கேட்ட பிறகு ஒருவகைப் புதிரில் மதிப்பெண் சற்றுக் கூடியது, கால் மணி நேரத்துக்குள் அந்த வித்தியாசமும் போய்விட்டது.

கார்டு விஷயத்தில் நேரடியான சோதனையே உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகக் குழு 2014-இல் வெளியிட்டது. 9 முதல் 18 மாதம் வரையுள்ள 117 குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு ஏழு மாதம் கார்டும் டிவிடியும் கொண்ட ‘குழந்தை வாசிப்பு’த் தொகுப்பு கொடுத்தார்கள். 14 அளவீடுகளில் 13-இல் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. மிஞ்சிய ஒன்று, குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது என்ற பெற்றோரின் நம்பிக்கை!

கார்டு ஏன் ஒட்டுவதில்லை என்றால், அதில் ‘மாம்பழம்’ என்பது ஒரு நொடி மின்னும் மஞ்சள் நிறம்தான். கையில் எடுத்து, மோந்து, தோலில் பல் பதித்து, சாறு முழங்கை வரை வழியும்போது ‘மாம்பழம்’ என்று காதில் விழுந்தால் அந்தச் சொல் நிற்கும்.

பேச்சுப் பயிற்சியாளர்:
சகோதரி, வகுப்பை விட முதலில் காதைப் பாருங்கள். 24 மாதத்தில் சுமார் 50 சொல்லும் ‘பால் தா’, ‘அம்மா வா’ போன்ற இரு சொல் தொடரும் எதிர்பார்ப்போம். உங்கள் மகள் கொஞ்சம் பின்னால் இருக்கிறாள். பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. கூப்பிட்டால் திரும்புவது மட்டும் போதாது. சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கினால் உரத்த குரல் கேட்கும், மெல்லிய ஒலிகள் நழுவிப் போகும். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு. அங்கே காது, பேச்சு, வளர்ச்சிப் பரிசோதனை இலவசம்.

அந்த 20 நிமிட வீடியோ வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுக்குள் உறவினருடன் வீடியோ கால் தவிர வேறு திரை கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். அவள் ஒரு சொல் சொன்னால் அதோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ‘காக்கா’ என்றால் ‘காக்கா பறக்குது’. பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை வாய் திறக்காமல் காத்திருங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். பதில் வர அந்த வயதுக்கு நேரம் ஆகும், அதற்குள் நாமே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். ‘இது என்ன, அது என்ன’ என்ற விசாரணையும் வேண்டாம்.

உள்ளங்கையில் பருப்பு கடையும் விளையாட்டைச் சரியாக ஆடினால் அதுவே பயிற்சி. ‘அம்மாவுக்கு, அப்பாவுக்கு’ என்று விரலை மடக்கி, அக்குளை நோக்கி ஊர்ந்து போகிறோம் இல்லையா? மூன்றாவது தடவை முழங்கையிலேயே நிறுத்துங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையை நீட்டும், ஒரு சத்தம் எழுப்பும். அதன் பிறகு கிச்சுகிச்சு மூட்டுங்கள். தன் முறை வருகிறது என்று காத்திருப்பதும் கேட்டு வாங்குவதும்தான் உரையாடலின் அடித்தளம்.

கிராம சுகாதார செவிலியர்:
இரும்புச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ரத்தசோகை இருந்தால் கவனமும் விளையாட்டும் குறையும். 6 முதல் 59 மாதம் வரை இரும்புச்சத்து, ஃபோலிக் அமில சிரப் வாரம் இரண்டு முறை, தடவைக்கு 1 மில்லி. அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். பாலில் கலக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. காய்ச்சல் இருக்கும் நாளில் நிறுத்தி வையுங்கள். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். ஒரு நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோறும் கீரையும் இறங்காது. தூக்கம் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும்.

நுகர்வோர் வழிகாட்டி:
பணத்தைப் பற்றி: வட்டியில்லா இ.எம்.ஐ. என்றாலும் அது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. எந்த மழலையர் வகுப்பானாலும் மாதக் கட்டணம், பாதியில் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்ற எழுத்து, ரசீது, இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்து போடாதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணம் இல்லை.

கோவை அம்மா:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை காது பரிசோதனைக்குப் போகிறோம். இன்னொரு கேள்வி: அதே சென்டரில் 5 வயதுக்கு மேல் கண்ணைக் கட்டிப் படிக்க வைக்கும் ‘மிட் பிரைன்’ கோர்ஸ் இருக்கிறது. அக்கா மகனைச் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

மழலையர் கல்வி:
உடனே தடுங்கள். மூக்கின் ஓரம் துணிக்கும் கன்னத்துக்கும் இடையில் விழும் இடைவெளி வழியாகத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அதனால்தான் தாளை எப்போதும் மார்புக்குக் கீழே பிடிக்கிறார்கள், தலையைச் சற்று அண்ணாந்து வைக்கிறார்கள். தாளை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், அல்லது நீச்சல் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பு டேப் ஒட்டி மாட்டிவிடுங்கள், வாசிப்பு நின்றுவிடும். மங்களூருவைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதைப் பல ஆண்டுகளாக மேடையிலேயே காட்டி வருகிறார். அக்காவிடம் பேசும்போது பையனைக் குற்றம் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒரு டெமோவில் அவன் ‘படித்துக் காட்டி’யிருந்தால், எட்டிப் பார்த்ததைத் தனியாகச் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள், அதற்காகத் திட்டக் கூடாது.