புதுப்பிப்பு: தோட்ட வாசிகசாலையின் ஆங்கிலப் புத்தகங்களும் பூஞ்சணமும்

ஹட்டன் பக்கத் தோட்ட வாசிகசாலைக்கு நன்கொடையாக வந்த ஆங்கிலப் புத்தகங்களில் பூஞ்சணம் பிடிப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது ஒன்றுதான்: அலுமாரியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டால் போதாதா? திறந்த அலுமாரியில் போதாது. மூடி இறுகும் பெட்டிக்குள் மட்டுமே அதனால் பயன். வெளியில் வைத்தால் அறையின் ஈரத்தைக் குடித்துச் சீக்கிரமே நிறைந்துவிடும். பூச்சி உருண்டையும் பூஞ்சணத்தை நிறுத்தாது.

காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வளரும். ஆகவே முதல் செலவு காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானிக்குத்தான். அலுமாரியைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள். வெளிச்சுவர் என்றால் கட்டாயம், இரவுக் குளிரில் அதுதான் வேர்க்கும். மலையகத்தின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்குக் கூடுதல் கவனம்; பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசி மழைக்கு.

ஈரப் பூஞ்சணத்தைத் துடைக்கவே வேண்டாம், தாளுக்குள் அப்பிவிடும். நிழலில் விரித்துக் காயவிட்டு, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். வெயிலில் வைத்தால் தாள் மஞ்சளித்து அட்டை வளையும்.

எண் போடுவது: பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் தரும் டூயி நூலக முறையில் ஆங்கில இலக்கணப் பயிற்சி 428, பிரித்தானிய நாவல் 823, அமெரிக்க நாவல் 813. சிறுவர் கதைகளுக்கு எண்ணே வேண்டாம். வாசிப்புத் தரப்படி நிற ஒட்டி போதும், பிள்ளைகள் தாங்களே எடுத்துத் திரும்ப வைப்பார்கள்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அதற்குள் ஆங்கிலப் பகுதியைத் திறக்க நினைப்பவர்கள் உரத்து வாசிக்கும் நேரத்தை ஞாயிறு காலையில் வையுங்கள். கொழுந்து வேலைக்குப் போகும் அம்மாமாரும் அன்றைக்குத்தான் வர முடியும்.