சிலர் பேசினால் மட்டும் ஏன் அப்படியே நம்பிவிடுகிறோம்? பார்த்ததைச் சொல்லுங்கள்

கரிசல்காடு:
டிஜிட்டல் அரெஸ்ட், போலீஸ் வேடத்தில் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி, எல்லோருக்கும் தெரியும், நேராக வருகிறேன். வீடியோ காலில் காக்கிச் சட்டை, பார்சலில் போதைப்பொருள், வழக்கமான கதைதான். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாரையும் லேசில் நம்பாதவர். நான் அறைக்குள் நுழையும்போது அந்த ஆள், "ஒழுங்கா உட்காருங்க சார்" என்றான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். போனைப் பிடுங்கி அணைத்தேன், பணம் போகவில்லை. அந்தப் பொத்தான்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நொய்யல்கரை:
அது பயங்க, நம்பிக்கை இல்லை. நம்பிக்கை என்றால் 2012க்கு முன்னால் பெருந்துறைப் பக்கம் வந்திருக்க வேண்டும். ஈமு! பணம் கட்டினால் அந்தப் பெரிய பறவையின் குஞ்சுகளை வளர்க்கக் கொடுத்து மாதாமாதம் காசும் தருவோம் என்று ஊரையே ஏமாற்றிய திட்டம். கல்யாண மண்டபத்தில் கூட்டம். பேசியவர் சாதாரண வேட்டி சட்டை. பெரியப்பா எழுந்து, "கறியை யாருங்க வாங்குவாங்க?" என்றார். "நியாயமான கேள்விங்க. மொத வருசம் எனக்கே குஞ்சுக செத்துப்போச்சு, மறைக்க மாட்டேன்" என்றார் அவர். கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஆனால் மண்டபமே தலையாட்டியது. தன் நஷ்டத்தைத் தானே சொல்கிறவன் பொய் சொல்வானா? பெரியப்பா மாட்டை விற்றுப் பணம் கட்டினார்.

மாடிவீடு:
நொய்யல்கரை, பயம் வேறு நம்பிக்கை வேறு என்று அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது. 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலையில் உளவியலாளர் மில்கிராம், தவறாகப் பதில் சொல்கிறவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொல்லிச் செய்த சோதனையில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. சாம்பல் நிறக் கோட்டு போட்டவர் "தொடருங்கள்" என்றார், அவ்வளவுதான். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், அதிர்ச்சி நிஜம் என்று நினைத்தே. என் கதை சின்னது: ஆபீசில் பயிற்சி கொடுக்க வந்தவர் பேசியது யாருக்கும் புரியவில்லை, படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று'. 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று மேடையேற்றி, முன்னுக்குப்பின் முரணாக உளற வைத்தார்கள். கேட்ட மனநல மருத்துவர்களே பாராட்டினார்கள். ஆகவே சொல்கிறேன், யார் பேசினாலும் ஒரு தாளில் எழுதுங்கள். குரல், சிரிப்பு, உடை எல்லாம் கழன்று விஷயம் மட்டும் மிஞ்சும். மறுநாள் வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவசரப்படுத்தினால் போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்கு இதைப் பழக்குங்கள்.

நொய்யல்கரை:
பெரியப்பா எழுதித்தாங்க வைத்திருந்தார். முன்பணம், மாதாமாதம் வரும் தீவனக் காசு, வருசக் கடைசி போனஸ் எல்லாம் நோட்டில் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் படித்தும் காட்டினார். கூட்டிப் பார்த்தோம், கணக்கு சரியாகத்தான் வந்தது.