புராஸ்டேட் அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ ஏறுகிறது, கதிர்வீச்சு வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. 2021இல் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை எடுத்தாயிற்று. பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) முதலில் 0.14, இப்போது 0.23. பெட் ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டர் கதிர்வீச்சு என்கிறார். "வலியே இல்லை, எதுக்குடா?" என்கிறார் அப்பா. சிறுநீர்க் கசிவு மறுபடி வந்துவிடுமோ என்றுதான் அவருக்குப் பயம்.

பதில்: அதே லேபில் இன்னொரு முறை பாருங்கள். மறுபடியும் 0.2க்கு மேல் என்றால் புற்றுநோய் திரும்பியதாகத்தான் கொள்வார்கள். கதிர்வீச்சை 0.5 வரை தள்ளாதீர்கள். குறைவாக இருக்கும்போதே கொடுத்தால் பலன் அதிகம்.

பதில்: தம்பி, இந்த அளவில் ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். பிஎஸ்ஏ எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகிறது என்று கேளுங்கள். நானும் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் சிறுநீர் அவசரமாக வந்தது, பிறகு அடங்கியது. கசிவைப் பற்றி அப்பாவே டாக்டரிடம் பேசட்டும்.

கேட்டவர்: சரி அண்ணா, அடுத்த முறை அவரையே பேச வைக்கிறேன்.