க்ராப் சர்க்கிள்: ‘பயிர் வட்டம்’ போதுமா?

நாகர்கோவில், இயற்பியல் ஆசிரியர்:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி அறிவியல் மன்றங்களுக்கான விண்வெளிக் கையேட்டில் வேற்றுலகச் செய்திகள் பற்றிய பகுதி மட்டும் பாக்கி. சரக்கல்விளை சிவனும் மேலக்காட்டுவிளை நாராயணனும் இஸ்ரோ தலைவர் பொறுப்புக்கு வந்த கதையைக் கேட்டு வளரும் நம் மாவட்டப் பிள்ளைகள் படிக்கப்போகும் பகுதி அது. அதே பிள்ளைகள் யூடியூபில் இங்கிலாந்துக் கோதுமை வயல்களின் படங்களைப் பார்த்துவிட்டு, ‘இது வேற்றுக்கிரகக்காரர்கள் போட்ட வரைபடமா சார்?’ என்றும் கேட்கிறார்கள்.

வயலில் பயிரைச் சாய்த்து ஆக்கும் இந்த உருவங்களை ஆங்கிலத்தில் க்ராப் சர்க்கிள் என்கிறார்கள். அதற்கு இணையத்தில் ‘பயிர் வட்டம்’ என்று புழங்குகிறது. கையேட்டில் வரும் மூன்று எடுத்துக்காட்டுகளில் இரண்டு, வட்டம் என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை. 2001 ஆகஸ்டில் ஹாம்ப்ஷயரில் சில்போல்ட்டன் ரேடியோ தொலைநோக்கி அருகே தோன்றியது நீள்செவ்வகம். அதன் பக்கத்திலேயே ஒரு முகம். 2008இல் வில்ட்ஷயரின் பார்பரி காஸில் அருகே தோன்றியது படிப்படியாக விரியும் சுருள். 2001இல் மில்க் ஹில்லில் வந்ததற்கு மட்டும் ‘வட்டம்’ பொருந்தும். 409 வட்டங்கள், ஆறு கைகளாகச் சுழலும் அமைப்பு, மொத்த அகலம் ஏறத்தாழ 240 மீட்டர்.

மொத்தத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். அதை உருவாக்கும் பலகைக்கும், வயலுக்குள் போக உதவும் டிராக்டர் தடத்துக்கும் சொல் வேண்டும். இந்த உருவங்களை விண்வெளிப் பயணத்தின் குறியீடாகப் படிக்கும் பழக்கத்துக்கும் ஒரு சொல் இருந்தால் பகுதி முழுமையாகும்.

தோவாளை, வேளாண் விரிவாக்கப் பணி:

சார், பெயர் வைக்குமுன் வயலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பயிரை யாரும் அறுப்பதில்லை, பிடுங்குவதில்லை, எரிப்பதில்லை. சாய்க்கிறார்கள், அவ்வளவுதான். காற்றிலும் மழையிலும் நெல் படுத்துவிட்டால் ‘பயிர் சாஞ்சு போச்சு’ என்போமே, அதேதான். ஆகவே சாய்வு என்ற சொல்லை எதற்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இயற்கைச் சாய்வையும் ஆள் சாய்த்ததையும் பிரித்தறிவது எளிது. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் மணி முற்றும் நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் சாய்ந்த வயலைப் பாருங்கள். யூரியா அதிகம் விழுந்த இடம் முதலில் சாயும், ஓரம் பிய்ந்தாற்போல் இருக்கும், சில தூர் முழுக்கப் படுத்திருக்கும், சில பாதியில் நிற்கும். ஆள் சாய்த்ததில் ஓரம் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். படுத்த தாளுக்கு அடுத்த தாள் நிமிர்ந்து நிற்கும். படுத்த தாள்களை மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடுக்கு தெரியும். அடியில் கிடப்பது முதலில் மிதித்தது, மேலே கிடப்பது பிறகு மிதித்தது. எந்தக் கோட்டை முதலில் போட்டார்கள், எதைக் கடைசியில் போட்டார்கள் என்று இந்த அடுக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

கருவி, சுமார் ஒரு மீட்டர் நீளப் பலகை. இரண்டு முனையிலும் துளையிட்டு ஒரே கயிற்றைக் கோத்து, கடிவாளம்போல் கையில் பிடிக்க வேண்டும். ஒரு காலைப் பலகையில் ஊன்றி அழுத்தி, கயிற்றால் தூக்கி அடுத்த அடிக்கு நகர்த்த வேண்டும். வட்டத்துக்கு ஒருவர் நடுவில் நாடாவின் முனையைப் பிடித்து நிற்பார். மற்றவர் நாடாவை இறுக்கிப் பிடித்தபடி சுற்றி நடந்து முதலில் ஓர் ஒடுக்கமான வளையம் மிதிப்பார். அந்த வளையம் வேலி மாதிரி. அதற்குள்தான் பிறகு உள்பகுதியை நிரப்புவார்கள்.

கெடுவது பெரும்பாலும் நாடாவுக்குப் பதில் கயிறு பிடிப்பதால். நைலான் கயிறு இழுபடும். 30 மீட்டர் ஆரத்தில் 2 சதவீதம் இழுபட்டாலே 60 சென்டிமீட்டர் தள்ளிப்போய், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராது. கதிர் நுனிகளில் கயிறு உரசித் தொய்வதும் உண்டு. அதனால் நில அளவைக்கான நாடாதான் சரி. நன்கு காய்ந்த கோதுமைத் தாள் முறிந்துவிடும், பச்சைத் தாள் அடியில் வளைந்து படுக்கும். பச்சையாகப் படுத்த தாள் சில நாளில் கணுவில் மடங்கித் தலைதூக்கும். கணுவின் அடிப்பக்கச் செல்கள் மேல்பக்கத்தைவிட அதிகமாக நீள்வதுதான் காரணம். சாய்ந்த நெல்லிலும் இதே முழங்கால் மடக்கைக் காணலாம். இந்த வளைந்த கணுவைத்தான் சிலர் ‘விண்கலக் கதிர்வீச்சின் அடையாளம்’ என்கிறார்கள். பயிருக்குப் புவியீர்ப்பு தெரியும் என்பதற்கு மட்டுமே அது அடையாளம்.

பெயர் என்று கேட்டால் நான் சொல்வது ‘மிதிகோலம்’.

குழித்துறை, தமிழாசிரியை:

அண்ணாச்சி, ‘மிதிகோலம்’ நல்ல வினைத்தொகை. ஆனால் கோலத்தை மிதிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் ஊரில், மிதிபட்டு அழிந்த கோலம் என்றுதான் அது காதில் விழும். உருளையால் சாய்த்தால் அதற்கு வேறு சொல் தேட வேண்டியும் வரும். இடத்தைக் கொண்டு பெயரிடுவோம்: பயிர்க்கோலம். பயிரில் இட்ட கோலம் என்று விரியும், ரகரத்தின் பின் ககரம் மிகும். வட்டம், சுருள், செவ்வகம், முகம் எல்லாம் இதில் அடங்கும். ‘வயல்’ என்று தொடங்காததற்குக் காரணம், உருவத்தைத் தாங்குவது மண் இல்லை, பயிர். அறுவடை ஆனதும் உருவமும் போய்விடும்.

கோலம் என்பதில் இன்னொரு பலன் உண்டு. வாசலில் கோலம் கிடந்தால் ‘யார் போட்டது?’ என்றுதான் கேட்போம். ‘எப்படி விழுந்தது?’ என்று யாரும் கேட்பதில்லை. ஆள் இல்லாமல் கோலம் இல்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பயிர் வட்டம் அப்படி அல்ல. நிலா வட்டம், நீர் வட்டம்போலத் தானாக விழுந்ததற்கும் அது பொருந்திவிடும்.

தோவாளை:

டீச்சர், ஆள் இருக்கிறார் என்ற வாதம் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு தயக்கம். கோலம் மங்கலமான சொல். அதைப் போட்டவர் போய்விடுவார், நட்டம் விவசாயிக்கு. சாய்ந்த கதிரை அறுவடை எந்திரம் சரியாக வாரிக்கொள்ளாது. பார்க்க வருகிற கூட்டம் நிற்கிற பயிரையும் மிதித்துத் தீர்க்கும். நெல்லாக இருந்தால் இன்னும் மோசம், ஈரத்தில் கிடக்கும் மணி கதிரிலேயே முளைத்துவிடும். சொல் இதை மறைத்துவிடக் கூடாது.

பிள்ளைகள் யாரும் நம் ஏலாவில், அதாவது வயல்வெளியில், இறங்கிச் செய்து பார்க்க வேண்டாம் என்றும் கையேட்டில் எழுதுங்கள். கோதுமை நெருக்கமாக விதைத்த பயிர், சாய்த்தால் பாய் விரித்தாற்போல் படியும். நடவு நெல் குத்துக் குத்தாக நிற்பதால் இடையில் சேறு தெரியும். போதாததற்கு வரப்பு உருவத்தை வெட்டிவிடும். கோதுமை வயலில் மருந்து தெளிக்க டிராக்டர் போகும் இணைத்தடங்கள் இருக்கின்றன, அதன் வழியே போனால் கால்தடம் தெரியாது. நம் வயலில் அந்தத் தடமே கிடையாது, சேற்றில் வைத்த ஒவ்வொரு அடியும் காட்டிக்கொடுக்கும்.

நாகர்கோவில்:

அண்ணாச்சியின் எச்சரிக்கை கையேட்டில் கட்டம் போட்டு வரும். ‘இணைத்தடம்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த டிராக்டர் தடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

இனி விண்வெளிக் குறியீடு. சில்போல்ட்டன் உருவத்தை எடுப்போம். அதற்கு மூலம் 1974 நவம்பர் 16 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பிய செய்தி. மொத்தம் 1679 துடிப்புகள். 1679 என்பது 23, 73 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்கல். வேறு விதமாகப் பிரிக்க முடியாது என்பதால், பெறுபவர் 23 பத்தி, 73 வரிசையாக அடுக்கிப் பார்ப்பார் என்பது எண்ணம். அதில் ஒரு வரிசை 1, 6, 7, 8, 15 என்ற அணு எண்கள்: ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ்.

வயலில் வந்த ‘பதிலில்’ இந்த வரிசைக்குள் 14, அதாவது சிலிக்கான், செருகப்பட்டிருந்தது. மனித உருவின் இடத்தில் பெரிய தலையும் சிறிய உடலும். செய்தி அனுப்பி 27 ஆண்டுக்குள் பதில்! எம்13 ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. போய்த் திரும்பவே 50,000 ஆண்டு வேண்டும். ரேடியோவில் கேட்டவர்கள், பக்கத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, கோதுமையில் ஏன் பதில் எழுத வேண்டும்?

பார்பரி காஸில் சுருள் பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல பாடம். வட்டத்தைப் பத்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 36 பாகை. சுருள் எத்தனை பங்கு கடந்து அடுத்த படிக்கு ஏறுகிறதோ அது ஓர் இலக்கம். மூன்று பங்கு, அதன்பின் ஒரு புள்ளி, பிறகு 1, 4, 1, 5, 9, 2, 6, 5, 4. பையின் (π) மதிப்பு. கூட்டினால் 40 பங்கு, சரியாக நான்கு சுற்று. காம்பஸும் கோணமானியும் இருந்தால் தாளில் வரைந்துவிடலாம். கடைசி இலக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பையில் அந்த இடத்தில் வருவது 3, அதன்பின் 5. இங்கே 4 என்று முழுமையாக்கியிருக்கிறது. பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் தெரிவது இதே 3.141592654தான். பத்தடிமான எண்முறை, தசமப்புள்ளி, முழுமையாக்கல் மூன்றும் நம் பள்ளிக்கூடத்துப் பழக்கங்கள்.

1991இல் டக் பவர், டேவ் சோர்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், 1970களின் பிற்பகுதியிலிருந்து பலகையும் கயிறும் கொண்டு தாங்கள் போட்டு வந்ததைப் பத்திரிகைக்கு வெளிப்படுத்தினார்கள். தொப்பியில் கட்டிய கம்பி வளையத்தின் வழியே தொலைவில் ஓர் அடையாளத்தைக் குறிவைத்து நடந்தால் நேர்கோடு பிசகாது என்பது அவர்கள் உத்தி. இத்தனைக்குப் பிறகும் இவற்றை விண்வெளிச் சின்னமாகப் படிப்பது நிற்கவில்லை. அந்தப் படிப்புக்கு என்ன பெயர்?

குழித்துறை:

நம் அணியிலக்கணத்தில் கிடக்கிறது, சார். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும்போது கோட்டைக் கொடி ‘வராதீர்கள்’ என்று கைகாட்டியது என்று படிக்கிறோமே, தற்குறிப்பேற்றம். கொடி காற்றில் ஆடியது இயல்பு. அதில் தன் குறிப்பை ஏற்றியவர் புலவர். பயிர்க்கோலத்தில் விண்கலமும் கோள்களும் தெரிவது அதே வேலை. ‘விண்குறிப்பேற்றம்’ என்று வையுங்கள். இதில் இழிவு இல்லை. பார்ப்பவரின் கற்பனையை மதிக்கிறது. ஏற்றியது யார் என்பதையும் தெளிவாகச் சொல்கிறது. அரெசிபோவிலிருந்து போனது உண்மையான ‘விண்செய்தி’. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கவே கூடாது.

அண்ணாச்சியின் தயக்கத்துக்கு, வரையறையிலேயே சாய்வைச் சேர்த்துவிடுவோம்: ‘பயிர்க்கோலம்: நிற்கும் பயிரைத் திட்டமிட்டுச் சாய்த்து, உயரத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி ஆக்கிய உருவம். சாய்ந்த பயிர் அறுவடையில் நட்டமாகும்.’ வட்டமாக மட்டும் இருப்பதற்குப் பயிர் வட்டம் உட்பிரிவாக இருக்கட்டும்.

தோவாளை:

வரையறையில் நட்டம் வந்துவிட்டது, எனக்கு நிறைவு. பலகைக்கு ‘மிதிபலகை’ என்று போட்டுவிடுங்கள், மிதி அங்கேயாவது இருக்கட்டும். காற்றில் சாய்ந்த நெல் வயலின் படமொன்றை சில்போல்ட்டன் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள் சார். இரண்டின் ஓரத்தையும் ஒப்பிட்டுக் குறிக்கச் சொல்லிப் பயிற்சியாகவே கேட்டுவிடலாம்.