ஒரே அட்டைக்குள் டெங்கு, ஸ்மார்ட் போர்டு, ஹெல்மெட் சென்சார்: இதெல்லாம் ஆய்வா?

ஆறாவது ரேக் | காலை 11.20

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நூலகர் நான். பெயர் வேண்டாம், சம்பளம் தேவைப்படுகிறது.

நேற்று ஒரு பார்சல் வந்தது, உள்ளே ஓர் ஆய்விதழ். அட்டையில் ‘பன்னாட்டு’, ‘பல்துறை’ என்று இரண்டு சொல்லும் தங்க எழுத்தில். முதல் கட்டுரை டெங்கு நோயாளிகளின் பிளேட்லெட். இரண்டாவது, ஒன்பதாம் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு. மூன்றாவது, குடித்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத ஹெல்மெட். இரண்டாவது கட்டுரைக்கும் மூன்றாவதற்கும் முடிவுரை ஒன்றுதான். ‘மாணவர்கள்’ இருந்த இடத்தில் ‘ஓட்டுநர்கள்’ என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் மாற்ற மறந்து, ஹெல்மெட் போட்டதால் மாணவர்களின் கற்றல் திறன் உயர்ந்துவிட்டது.

எங்கள் கல்லூரியில் இதற்குப் பெயர் ‘ஆய்வுப் பன்மை’. நான் நேராகவே சொல்கிறேன். மருத்துவம் மருத்துவரிடம், கல்வி கல்வியாளரிடம், தொழில்நுட்பம் பொறியாளரிடம் இருக்கட்டும். நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். குண்டானில் இருப்பதே கால் படி சோறு, அதை ஊருக்கெல்லாம் பந்தி வைத்தால் யாருக்கும் வயிறு நிறையாது. நாலைந்து துறைகள், நாலைந்து நிறுவனங்கள், அவர்களுக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் ஒழுங்காகப் பாடம் நடத்தினால் போதும்.

நைட் டியூட்டி | மதியம் 1.05

அரசு மருத்துவமனையில் எம்.டி. படிக்கிறேன், இரண்டாம் வருடம். தீசிஸ் கட்டாயம், ஆகவே நீங்கள் திட்டும் ஆட்களில் நானும் ஒருத்தி.

சார், ‘மருத்துவம் மருத்துவரிடம்’ என்கிறீர்கள். இந்த ஊரில் நடந்த ஒரு பெரிய மருத்துவ ஆய்வை எடுத்துக்கொள்வோம். 1956இல் மெட்ராஸில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். இப்போது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம். படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. அத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? ஏறக்குறைய இருநூறு நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள், பாதிப் பேரை வீட்டுக்கே அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்களுக்கு ஒண்டுக் குடித்தனம், அரை வயிற்றுச் சாப்பாடு. அப்படியும் பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. உலகம் முழுக்க சானடோரியம் காலியானதில் அதற்குப் பெரிய பங்கு.

இதில் டாக்டர் செய்தது எவ்வளவு? முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் டப்பாவில் மீதி மாத்திரையை எண்ணியவர்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தவர்கள், குலுக்கலை வகுத்த புள்ளியியல்காரர்கள்... இவர்களை எந்தத் துறையில் போடுவீர்கள்?

ஆறாவது ரேக் | மதியம் 1.40

டாக்டர், நீங்கள் எனக்காகத்தான் வாதாடியிருக்கிறீர்கள். ஒரே கேள்வி, ஒரே மையம், பல வருட உழைப்பு. அது குவிப்பு. என் மேசையில் இருப்பது சிதறல். இரண்டையும் ‘பல்துறை’ என்ற ஒரே பையில் போடாதீர்கள்.

கரண்ட் கட் | மதியம் 2.15

பி.எச்டி., மின்னணுவியல், மூன்றாம் வருடம். ஹெல்மெட் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நான் செய்ததில்லை, பக்கத்து டேபிள் செய்தது.

சார், எந்த நாலைந்து நிறுவனத்துக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்வார்கள்? இப்போது ஐ.ஐ.டி. மெட்ராஸில் மூளை மையம் இருக்கிறது. இறந்த கருச்சிசுக்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கித் தரத்தில் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டார்கள். 5,132 சீவல்கள். அந்தப் படங்களைச் சேமிக்கவும் திறந்து பார்க்கவும் வழி செய்வதே தனிப் பொறியியல். சீவியது எந்தப் பகுதி என்று சொல்ல நரம்பியல் ஆள் வேண்டும். பொறியியல் கல்லூரிக்கு மூளை எதற்கு என்று உங்கள் கணக்குப்படி ஆரம்பத்திலேயே ஒருவர் பைலை மூடியிருப்பார்.

ஆறாவது ரேக் | மதியம் 2.30

தம்பி, ஐ.ஐ.டி.யை உதாரணம் காட்டி எங்கள் கல்லூரிக்கு வக்காலத்து வாங்காதே. அங்கே மூளை மையம். இங்கே மூன்று மாதமாக ஏ.சி. ஓடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், எல்லாத் துறை இதழும் எல்லாருக்கும் கிடைக்க ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்தது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். யாருக்கு? மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு. எங்களைப் போன்ற தனியார் கல்லூரிக்கு அந்தக் கதவு இல்லை. நல்ல கட்டுரையைப் படிக்க வழியில்லாத பையனிடம் ‘நீ ஒன்று எழுதிக் கொண்டு வா’ என்றால் அவன் ஹெல்மெட்தான் செய்வான்.

கரண்ட் கட் | மதியம் 2.34

அப்படியென்றால் கோளாறு பன்மையில் இல்லையே சார், கதவில்தானே?

சாக்பீஸ் டீச்சர் | மாலை 5.50

பள்ளி விட்டு பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. மருத்துவமும் தொழில்நுட்பமும் சண்டை போடுகிறீர்கள், தலைப்பில் ஸ்மார்ட் போர்டு என்று இருக்கிற கல்வியை ஒருத்தரும் தொடவில்லை. எப்போதும் இப்படித்தான்.

எங்களிடம் வரும் ஆய்வு எப்படி என்று சொல்லட்டுமா? மூன்றாவது பீரியடில் இரண்டு பேர் வருவார்கள். கையில் அட்டை. ‘மிகவும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை’ வரை ஐந்து கட்டம். பிள்ளைகள் நடுக் கட்டத்தில் டிக் போடுவார்கள், ஏனென்றால் முன்பெஞ்சுக்காரி அங்கே போட்டாள். அரை மணியில் முடிந்துவிடும். அப்புறம் அவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கு ஒரு கடுதாசிகூட வந்ததில்லை.

ஆனால் நல்லதும் பார்த்திருக்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் பிறந்த யோசனை. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய், பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, பாடப் புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று காட்டும் ஏணி. நான் அப்போது புதிதாகச் சேர்ந்தவள், முதல் மாதம் அழுதிருக்கிறேன். பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அதில் நிறையும் உண்டு, குறையும் உண்டு. பாயில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் போய்ச் சோதித்த ஆய்வு. பள்ளி மூடியதால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை, திறந்து ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்று வந்தது. அந்த மீட்பில் சுமார் கால் பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால். சாயங்காலம் திண்ணையில் பாடம் சொன்ன பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்த திட்டம் சார் அது. ‘ஒழுங்காகப் பாடம் நடத்தினால் போதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்கு எது என்று யார் அளந்து சொல்வது?

நீங்கள் கேட்ட குவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் பிரித்துக் கொடுக்க மத்திய அரசு அமைத்த அனுசந்தான் நிறுவனத்துக்கு 2023 முதல் ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்றார்கள். சட்டத்தில் அறிவியல், பொறியியல், சுகாதாரம், விவசாயம் எல்லாம் பெயர் சொல்லி இருக்கிறது. சமூக அறிவியல், கலைப்புலத் துறைகளுக்கு? அறிவியலோடும் தொழில்நுட்பத்தோடும் உரசும் இடத்தில் மட்டும் அனுமதி. கல்வி ஆய்வு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

ஆறாவது ரேக் | மாலை 6.25

டீச்சர், ‘பாடம் நடத்தினால் போதும்’ என்றது தப்பு. வாபஸ். 19,000 பிள்ளைகளைத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வும் என் மேசையில் இருக்கும் ஸ்மார்ட் போர்டும் ஒரே சாதி இல்லை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திருவல்லிக்கேணி டிடிபி | இரவு 8.10

சார் வணக்கம். பைகிராஃப்ட்ஸ் ரோடு பக்கம் டைப்பிங், பைண்டிங் கடை. நான் எட்டாவது, ஆனா இந்த ஊர்ல என்னை மாதிரி தீசிஸ் படிச்சவன் கம்மி. எல்லா சப்ஜெக்டும் என் டேபிள் மேலதான் போவுது.

உங்க சண்டையில ஒண்ணு விட்டுட்டீங்க. யு.ஜி.சி. 2018ல காப்பி பத்தி ரூல் போட்டாங்க, 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா பரவால்லன்னு. அன்னிலேர்ந்து கஸ்டமர் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: ‘அண்ணே, பத்துக்குக் கீழ கொண்டாந்துடுங்க.’ அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. இங்கிலீஷ் வார்த்தைக்கு இன்னொரு வார்த்தை தானா போடும். ‘பிரெஸ்ட் கேன்சர்’ போயி ‘புஸம் பெரில்’னு வரும், அதாவது மார்பு ஆபத்து. ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்’ போயி ‘கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’. அதாவது கள்ள சுயநினைவு. நான் சிரிச்சுக்குவேன், கஸ்டமர் சிரிக்க மாட்டார், அவருக்கு வெள்ளிக்கிழமை சப்மிஷன். டாக்டர், இன்ஜினியர், பி.எட்., எல்லாரும் அதே சாஃப்ட்வேர்தான். அதுல மட்டும் பன்மையே கெடையாது.

கரண்ட் கட் | இரவு 8.22

அண்ணே, அது நிஜம். 2021இல் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் இந்த மாதிரிச் சொற்களைத் தேடித் தேடிப் பட்டியலே போட்டார்கள். பெரிய பதிப்பகங்களின் இதழ்களிலும் இருந்தது. ஆக இது ஓ.எம்.ஆர். வியாதி மட்டும் இல்லை.

நைட் டியூட்டி | இரவு 9.00

டியூட்டிக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். சார், அந்த டெங்கு கட்டுரையின் அட்டவணைகளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். திட்டுவதற்கு முன் படித்துவிடுவோமே.

ஆறாவது ரேக் | இரவு 9.15

போட்டிருக்கிறேன், இரண்டு பக்கம். நூலகத்தில் பூச்சி மருந்து அடித்திருந்தார்கள், கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கும்.

இந்த இதழ்காரர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2018இல் யு.ஜி.சி. தான் அங்கீகரித்த இதழ்ப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. பிறகு ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் விட்டுவிட்டு, எது நல்ல இதழ் என்று கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. எங்கள் கல்லூரியில் பார்த்துக்கொள்ளும் குழு என்பது மூன்று பேர், ஒரு தட்டு சமோசா.

நைட் டியூட்டி | இரவு 11.50

வார்டில் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. படித்தேன். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து நோயின் தீவிரத்தைப் பிரித்திருக்கிறார்கள். டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவதுதான். அதைப் பார்க்க ஹிமாட்டோகிரிட் வேண்டும், ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்ற அளவு. அட்டவணையில் அந்த அளவே இல்லை. ஆனால் பிளேட்லெட் எவ்வளவு முக்கியம் என்ற கேள்வி மோசமில்லை. எங்கள் வார்டில் பிளேட்லெட் பாக்கெட்டுக்காகச் சொந்தக்காரர்கள் படும் பாட்டைப் பார்த்தால் யாராவது கேட்க வேண்டிய கேள்விதான். எழுதியவர் யாரோ, என்னை மாதிரி தூங்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய ஆய்வு கைடு படித்துப் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார்.

சாக்பீஸ் டீச்சர் | காலை 6.35

டாக்டரம்மா, ஹிமாட்டோகிரிட்டெல்லாம் எனக்குத் தெரியாது. அட்டவணை ஒன்றைப் பாருங்கள். ஆண் 31, பெண் 24, மொத்தம் 60. சதவீதம் 51.7, 40.0. மீதி ஐந்து நோயாளிகள் எங்கே? நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்.

நைட் டியூட்டி | காலை 7.10

ஐயோ. இரண்டு தடவை படித்தேன் டீச்சர். பிளேட்லெட் பக்கத்திலேயே கண் போயிருக்கிறது.

கரண்ட் கட் | காலை 7.40

சார், டெங்கு கட்டுரையின் ஓட்டை ஒரு டீச்சர் கண்ணில் பட்டிருக்கிறது. இன்னும் துறைக்குத் துறை வேலி வேண்டும் என்கிறீர்களா?

ஆறாவது ரேக் | காலை 8.05

வேலி வேண்டாம், சரி. பந்தியும் வேண்டாம் என்பதில் நிற்கிறேன். இன்று ஸ்மார்ட் போர்டு கட்டுரையின் அட்டவணையைப் போடுகிறேன். டாக்டரும் தம்பியும் அதைப் பாருங்கள், டீச்சர் ஹெல்மெட்டைப் பார்க்கட்டும்.

திருவல்லிக்கேணி டிடிபி | காலை 10.30

சார், இப்பதான் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். டேபிளுக்கு டபுள் பார்டர், தலைப்புக்கு சாம்பல் கலர்... இது என் கடை வேலை. 60ன்னு எழுதிக் குடுத்தாங்க, 60ன்னு அடிச்சேன். கூட்டிப் பார்க்கலை.