நாற்பது வயதுக்குமேல் ஓவியம் பழகுவது எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி):
பள்ளியில் அறிவியல் பாடத்துக்குச் செம்பருத்தி வரைந்ததோடு சரி. இப்போதுதான் முறையாக ஓவியம் கற்க விரும்புகிறேன். வாசலில் சிக்குக் கோலத்தைத் தடுமாறாமல் போடும் என் கை, மேசைமேல் உள்ள செம்பை வரையும்போது மட்டும் வாயைக் கோணலாக்கி, அடியைச் சாய்த்துவிடுகிறது. எந்தப் பென்சில் வாங்கலாம், புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா, ஓவியத்துக்கான அரசு தொழில்நுட்பத் தேர்வு எழுதுவது பயன்படுமா என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்):
அம்மா, கோலத்தில் புள்ளிகள் கைக்கு வழிகாட்டுகின்றன. செம்புக்கு அந்தப் புள்ளிகளை நீங்களே அளந்து வைக்க வேண்டும். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செம்பின் வாயகலம் அதன் உயரத்தில் எத்தனை பங்கு என்பதைக் கட்டைவிரலை நகர்த்தி அளந்து, அந்த விகிதத்தைத் தாளில் மெல்லிய குறிகளாக இட்ட பிறகே கோடு இழுங்கள். நடுவே ஒரு செங்குத்துக் கோடு இருந்தால் அடி சாயாது. வாய் வட்டம் என்று நமக்குத் தெரிந்திருப்பதுதான் தொல்லை. கண்மட்டத்துக்குக் கீழுள்ள செம்பின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அதைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் வெறும் கோடாகச் சுருங்கும். அடிப்பகுதியோ இன்னும் தாழ்ந்திருப்பதால் வாயைவிடச் சற்றுக் கூடுதலாக வளையும். எச்.பி. (நடுத்தரம்), 2பி (சற்று மென்மை, கருமை), 6பி (மிக மென்மை, கருமை) ஆகிய மூன்று பென்சில்கள் போதும். பெரிய பெட்டியால் கடைக்காரருக்கே லாபம். தேர்வு, ஓவிய ஆசிரியர் பணியை நாடுவோருக்கானது.

பதில் (தென்காசி வாசகர்):
ஆசிரியர் ஐயா கூறிய அளவுமுறை சரியே. எனினும் எடுத்த எடுப்பிலேயே அளக்கத் தொடங்கினால் கை இறுகிவிடும் என்பது என் கருத்து. முதலில் தாளைப் பாராமல் பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்து சென்று வரைந்து பாருங்கள். படம் கோணலாக வந்தாலும் பார்வை கூர்மையாகும். புகைப்படத்தில் எல்லாம் ஏற்கெனவே தட்டையாகிவிடுவதால், தொடக்கத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. நிழல் பழகத் திருச்செந்தூர் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் தூண் சிற்பங்கள் ஏற்றவை: கல்லின் நிறம் குறுக்கிடாததால் ஒளியும் நிழலும் தெளிவாகத் தெரியும், சிற்பமும் அசையாது. கோடு பழகக் குற்றாலம் சித்திர சபையின் சுவரோவியங்களைப் பாருங்கள், ஆனால் சீசன் நெரிசலில் போகாதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்):
விளிம்புப் பயிற்சியை ஏற்கிறேன், தம்பி. ஆனால் கிருஷ்ணாபுரத் தூணிலுள்ள வீரபத்திரர் சிற்பத்தைத் தொடக்க நிலையில் பரிந்துரைப்பதை ஏற்க இயலவில்லை. அந்த அணிகலன்களில் சிக்கினால் அம்மா உருவத்தையே தவறவிடுவார்கள். செம்பும் தேங்காயும் கைவந்த பிறகு, தாமிரபரணியின் குறுக்கே 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகளை ஆற்றங்கரையிலிருந்து வரையட்டும்; தொலைவு கூடக் கூட வளைவுகள் சிறுத்துச் செல்வது அங்கே நன்கு புலப்படும். சிற்பங்களுக்கு அதன் பிறகு போகலாம்.